காற்றில் இருக்கிறது, காதுக்கு வரவில்லை

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த முறை மவுண்ட் ரோடு பக்கம் போனால் ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, நாலு கடையில் 'டிஜிட்டல் ரேடியோ இருக்கா?' என்று கேளுங்கள். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைப்பார். 'யூ.எஸ்.பி. இருக்கு, புளூடூத் இருக்கு, மெமரி கார்டு போட்டுக்கலாம். முள் கிடையாது சார், டிஸ்பிளேல நம்பராவே வரும்.' அவரைப் பொறுத்தவரை நம்பர் தெரிந்தால் டிஜிட்டல். 'அதில்லீங்க, ஒலிபரப்பே டிஜிட்டலா வருதாமே, அதைப் பிடிக்கிற ரேடியோ' என்று நீங்கள் இழுத்தால், ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கஸ்டமரைக் கவனிக்கப் போய்விடுவார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். ஒலிபரப்பு என்னவோ நிஜம்தான். 2010-களில் ஆகாசவாணி நாடு முழுக்கச் சுமார் 35 மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை டி.ஆர்.எம். என்கிற டிஜிட்டல் முறைக்கு மாற்றியது. சென்னையும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள், என் வரிப்பணம். மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கிற வானொலி நிலையத்தின் நிகழ்ச்சி எண்களாக மாறி நம் மொட்டை மாடிக்கு மேலே பறந்தது. கேட்டவர் யார்? 2018 பிப்ரவரியில் டிராய் தந்த பரிந்துரையிலேயே, டிஜிட்டல் ரேடியோ வளராததற்கு ரிசீவர் இல்லாதது ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டார்கள். சமையலெல்லாம் பிரமாதம், இலை வாங்க மறந்துவிட்டோம் என்கிற மாதிரி.

இல்லை, ஒரேயடியாக இல்லை என்று சொல்லக்கூடாது. பல கம்பெனிகளின் புதிய கார்களில் டி.ஆர்.எம். ரிசீவர் இருக்கிறது. அப்படிப்பட்ட கார்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு கதை. தனிப் பெட்டியாக வாங்கலாம் என்றால் ஐந்திலக்க விலை. ஆக, 5பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர் வரி கட்டினார்; காரில் போகிறவருக்கு டிஜிட்டல் ரேடியோ கிடைத்தது. இதற்குப் பெயர் பொது ஒலிபரப்பு!

இப்போது ஏன் இதைக் கிளறுகிறேன் என்றால், அடுத்த சுற்று வருகிறது. 2025 அக்டோபரில் டிராய் மறுபடியும் பரிந்துரை தந்திருக்கிறது, இம்முறை தனியார் எஃப்.எம்.முக்காக. 13 நகரங்களில் டிஜிட்டல். முதல் வரிசையில் டில்லி, மும்பை, கொல்கத்தாவோடு நம் சென்னை. ஒரே அலைவரிசையில் பழைய அனலாக் சானல் ஒன்று, டிஜிட்டல் சானல்கள் மூன்று, கூடவே தகவலுக்கென்று ஒன்று. அலைவரிசை ஏலம் போகும், அரசாங்கத்துக்குக் காசு வரும், திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு வரும். பெட்டி வருமா? விலை என்ன? யார் செய்வார்கள்? அதில் பூட்டு இருக்குமா? சாவி யாரிடம்? இந்தக் கேள்விகளைக் குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். ஏனென்றால் டிஜிட்டல் ரேடியோவில் டிரான்ஸ்மிட்டர் சுலபமான பாதி. கஷ்டமெல்லாம் நம் கையில் இருக்கிற பெட்டிக்குத்தான்.

அப்படி என்ன கஷ்டம்? நான் காமர்ஸ் படித்தவன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், இன்ஜினீயர்கள் மன்னிக்க.

ஆன்டெனாவில் வந்து விழுவது ஒரே ஒரு நிலையத்தின் ஒலி என்றா நினைக்கிறீர்கள்? பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் நின்று பாருங்கள். நாதஸ்வரம், தேவாரம், பலூன்காரன் பீப்பி, நீர்மோர் பந்தல் மைக், காணாமல் போன குழந்தைக்கான அறிவிப்பு எல்லாம் ஒரே காதில். ஆன்டெனாவின் கதி அதுதான். எல்லா நிலையங்களும் விழும். மாடி வீட்டுக்காரரின் மிக்ஸி, தெருவிளக்கு, மட்டமான செல்போன் சார்ஜர், தூரத்து மின்னல் என்று எல்லாவற்றின் இரைச்சலும் விழும். முதல் வேலை வடிகட்டுவது.

வடிகட்டி விஷயத்தில் மயிலாப்பூர்வாசிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். காபி ஃபில்டரில் துளை பெரிதாக இருந்தால் டிகாஷனில் தூள் இறங்கிவிடும். ரொம்பப் பொடியாக இருந்தால் ராத்திரி போட்டது காலையிலும் சொட்டாது. ரேடியோவிலும் அதே தலைவலி. வடிகட்டியை அகலமாக வைத்தால் பக்கத்து நிலையமும் இரைச்சலும் உள்ளே வரும். குறுக்கினால் இரைச்சல் குறையும்; ஆனால் வருகிற எண்களின் முனை மழுங்கி, ஒரு எண் அடுத்த எண்ணின் மேல் வழிந்துவிடும். ஒன்றா, பூஜ்யமா என்று தெரியாமல் பெட்டி முழிக்கும். எந்த அளவில் நிறுத்துவது என்பதில்தான் வடிவமைப்பவரின் திறமை.

வடிகட்டியாயிற்று. அடுத்தது தீர்ப்பு சொல்வது. எளிமையான முறையில், உங்கள் வீட்டு ஒயர்லெஸ் காலிங் பெல், கார் ரிமோட் மாதிரியான சமாசாரங்களில், ஒரு கோடு போட்டுக்கொண்டு அதற்கு மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் பூஜ்யம் என்று பெட்டி சொல்லும். ஆனால் சிக்னல் ஒரே உயரத்தில் நிற்காதே! ரிமோட்டோடு நீங்கள் ரெண்டு அடி தள்ளிப் போனாலே இறங்கிவிடும். அதனால் கோடும் கூடவே ஏறி இறங்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு ஆச்சரியமான சங்கதி தாளம். எண்கள் வரிசையாக வருகின்றன. எந்த நொடியில் பார்த்துத் தீர்ப்பு சொல்வது? அனுப்புகிற இடத்தில் ஒரு கடிகாரம், பெட்டியில் ஒரு கடிகாரம். இரண்டும் துளி விலகினாலும் கொஞ்ச நேரத்தில் கணக்கு தப்பிவிடும். இதற்காகத் தனியாக ஒரு கம்பி இழுக்க முடியாது. டிசம்பர் சீஸனில் சபாவில் கடைசி வரிசை மாமாவைப் பார்த்திருப்பீர்கள். மேடை தெரியாது, தூண் மறைக்கும். பாடகர் எழுத்தை எங்கே எடுக்கிறார், எங்கே விடுகிறார் என்பதைக் காதால் வாங்கியே தொடையில் சரியாகத் தாளம் போடுவார். சிக்னல் மாறுகிற இடங்களைப் பிடித்துக்கொண்டு ரிசீவரும் அப்படித்தான் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. பாடகர் நீளமாக ஒரே கார்வையில் நின்றுவிட்டால் மாமாவுக்கே தடுமாறும். எண்களிலும் வரிசையாக நூறு பூஜ்யம் வந்தால் அதே தடுமாற்றம். அதனால் அனுப்பும்போதே எண்களைக் கலைத்து, மாற்றங்கள் அடிக்கடி வருகிற மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

வானொலி ஒலிபரப்பில் இன்னும் சிக்கல். தி.நகரில் கட்டடத்துக்குக் கட்டடம் மோதி வருகிற சிக்னல் எதிரொலியாகவும் வரும். கோயில் மண்டபத்தில் படபடவென்று பேசினால் எதிரொலியில் ஒன்றும் புரியாது. நிதானமாகப் பேசினால் புரியும். ஆனால் நிதானமாகப் பேசினால் விஷயம் முடியாது. என்ன செய்வது? நிறைய பேரை நிறுத்தி, ஒவ்வொருவரும் வேறு வேறு சுருதியில் நிதானமாக ஆளுக்குக் கொஞ்சம் சொல்லச் சொல்லலாம். டி.ஆர்.எம். செய்வது ஏறக்குறைய அதுதான். ஆனால் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் பிரித்துக் கேட்க பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பு வரும். அதைத் திருத்துவதுதான் கடைசிக் கட்டம், எங்கள் காமர்ஸ்காரர்களின் ஏரியா! பெரிய பேரேட்டில் குறுக்குக் கூட்டல் போடுவோம். வரிசைக்கு ஒரு கூட்டுத்தொகை, பத்திக்கு ஒரு கூட்டுத்தொகை. இரண்டாவது வரிசையில் மூன்று ரூபாய் உதைக்கிறது, நாலாவது பத்தியிலும் மூன்று ரூபாய் உதைக்கிறது என்றால், இரண்டும் சந்திக்கிற கட்டத்தில்தான் தப்பு. அழித்துச் சரி பண்ணிவிடலாம், யாரையும் கேட்க வேண்டாம். டிஜிட்டல் ஒலிபரப்பிலும் இதே தந்திரத்தின் பெரிய அண்ணன்மார்கள் வேலை செய்கிறார்கள். உபரியாகச் சில எண்களைச் சேர்த்து அனுப்பினால், கெட்டுப்போன எண்களை ரிசீவர் தானே மீட்டுக்கொள்ளும். ஒரு மின்னல் வெட்டினால் அடுத்தடுத்த எண்கள் கும்பலாகப் போய்விடும் என்பதால், சீட்டுக் கட்டு மாதிரி முன்கூட்டியே கலைத்தும் அனுப்புவார்கள். இழப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, குறுக்குக் கூட்டலுக்குள் அடங்கும்.

அழகான ஏற்பாடு. ஆனால் ஒரு எல்லை உண்டு. பக்கத்துக்கு ஒரு தப்பு என்றால் கண்டுபிடிக்கலாம். பாதிப் பக்கம் மழையில் நனைந்திருந்தால் எந்த ஆடிட்டரும் கையை விரித்துவிடுவார். டிஜிட்டல் ரேடியோவும் அந்த இடத்தில் கையை விரிக்கும். அதுவரை கண்ணாடி மாதிரி கேட்டது, அடுத்த நொடி மௌனம். அனலாக் அப்படி இல்லை. சேப்பாக்கம் டெஸ்ட் மேட்ச் கமென்டரி ஞாபகம் இருக்கிறதா? 'ஸ்ரீகாந்த் முன்னால் வந்து... கொர்ர்ர்... பந்து எல்லைக் கோட்டை... கொர்ர்ர்.' நாலு ரன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சத்தை மூளை நிரப்பிக்கொண்டது. இரைச்சலுக்கு நடுவே விஷயத்தை மீட்பதில் நம் மூளையை மிஞ்சிய சர்க்யூட் கிடையாது. அதற்கு பேட்டரியும் வேண்டாம். அனலாக் ரேடியோ மோசமாகும்போது முனகும். டிஜிட்டல், சொல்லாமல் கொள்ளாமல் செத்துப் போகும்.

இது வெறும் ரசனைப் பிரச்னை என்று நினைக்கிறவர்கள் 2015 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பார்க்கலாம். அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் வந்தது. கரன்ட் இல்லை. செல்போன் டவர்கள் பல இடங்களில் படுத்துவிட்டன. டிசம்பர் 2-ம் தேதி 'தி ஹிண்டு' சென்னையில் அச்சாகவே இல்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 12-ல் வர்தா வந்து மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. இப்படிப்பட்ட ராத்திரிகளில் ரெண்டு பென்சில் பேட்டரி போட்ட டிரான்ஸிஸ்டர்தான் வெளியுலகத்தோடு இருக்கிற ஒரே கயிறு. டி.ஆர்.எம்.மில் அவசர எச்சரிக்கை வசதி உண்டு என்கிறார்கள். உண்மைதான், நல்ல வசதிதான். ஆனால் குட்டிக் கம்ப்யூட்டர் உள்ள பெட்டி, பழைய டிரான்ஸிஸ்டரைவிட அதிகமாகவே பேட்டரி தின்னும். எச்சரிக்கை வருகிற நேரத்தில் பெட்டிக்கு உயிர் இருக்க வேண்டாமா?

நான் டிஜிட்டலுக்கு எதிரி இல்லை. குறைந்த மின்சாரத்தில் ஒலிபரப்பலாம், ஒரு அலைவரிசையில் நாலு சானல் வைக்கலாம், ஒலி சுத்தம். ஒத்துக்கொள்கிறேன். என் சண்டையெல்லாம் பெட்டி யாருடையது என்பதில்தான். பெட்டி விஷயத்தில் இந்த ஊர் ஏற்கெனவே இரண்டு முறை சூடு பட்டிருக்கிறது.

முதல் சூடு 2003 செப்டம்பர் 1. கேபிள் டி.வி.க்கு சி.ஏ.எஸ். வந்தது. மற்ற மெட்ரோக்கள் நழுவிக்கொள்ள, சென்னை மட்டும் சோதனைச்சாலை எலி. செட்டாப் பாக்ஸ் வாங்கினால்தான் கட்டணச் சானல். அன்று ஆரம்பித்தது, ஆபரேட்டரை மாற்றினால் பெட்டியையும் மாற்று என்கிற தர்பார். சிக்னலை மீட்கிற சர்க்யூட் எல்லாப் பெட்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பூட்டுதான் வேறு. எந்தப் பெட்டியும் எந்த நெட்வொர்க்கிலும் ஓட வேண்டும் என்று டிராய் பரிந்துரை செய்தது எப்போது தெரியுமா? 2020 ஏப்ரலில். பதினாறரை வருஷம் கழித்து! உங்கள் வீட்டுப் பரணில் இன்றைக்கு எத்தனை செத்த பெட்டி இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேர்ல்டுஸ்பேஸ். 2000-ல் ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை ஏவி, நேராக வானத்திலிருந்து டிஜிட்டல் ரேடியோ. ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரத்தில் வந்தார். 'ஸ்ருதி' என்று இருபத்துநாலு மணி நேரமும் கர்னாடக சங்கீதம். மயிலாப்பூரும் மாம்பலமும் மயங்காமல் இருக்குமா? ஜன்னலோரம் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி சிக்னல் பிடித்தார்கள். விடிகாலையில் பூபாளம், காபியோடு பிலஹரி. 2008-ல் அமெரிக்காவில் தாய்க் கம்பெனி திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ம் தேதியோடு இந்தியாவில் கடை மூடப்பட்டது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள். வருஷக் கணக்கில் முன்பணம் கட்டியவர்களும் அதில் உண்டு. பெட்டி கெட்டுப் போகவில்லை. வடிகட்டி இருக்கிறது, தாளம் போடுகிற கடிகாரம் இருக்கிறது, குறுக்குக் கூட்டல் இருக்கிறது. சொல்வதற்கு வானத்தில் ஆள் இல்லை. வேறு யாரும் அந்தப் பெட்டிக்குச் சொல்லவும் முடியாது. இதே 1960-ல் வாங்கிய மர்ஃபி ரேடியோவை இன்றைக்குச் சரி பண்ணிப் போட்டால் மத்திய அலை நிலையம் ஏதாவது கேட்கும். அந்தப் பெட்டிக்கு முதலாளி நீங்கள் மட்டும்தான்.

அதனால்தான் சொல்கிறேன். ஏலத்துக்கு முன்னால் பெட்டிக்கு விதி எழுதுங்கள். எல்லா நிலையத்தையும் பிடிக்கிற, பூட்டில்லாத, யார் வேண்டுமானாலும் செய்து விற்கக்கூடிய பெட்டி. அதிலேயே பழைய எஃப்.எம்.மும் மத்திய அலையும் இருக்க வேண்டும். நாட்டுக்கு ஒரே தொழில்நுட்பம் என்று டிராய் சொல்கிறது, சரி. எது என்பதில் டி.ஆர்.எம்.முக்கும் ஹெச்.டி. ரேடியோவுக்கும் போட்டி. இரண்டாவது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் சொத்து. டிரான்ஸ்மிட்டர் விற்கிறவர்களின் பவர்பாயின்டைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆயிரம் ரூபாய்க்குள் ரிசீவர் எதில் சாத்தியம் என்று பார்த்து முடிவு செய்யட்டும்.

'அதெல்லாம் நம்மால் ஆகுமா சார்?' என்பவர்களுக்கு அடையாறைக் காட்டுகிறேன். 1990-களில் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்று ஒரு ஒயர்லெஸ் தொலைபேசி முறையை உருவாக்கியது. பேச்சை எண்களாக்கிக் காற்றில் அனுப்பி எதிர்முனையில் மீட்பதுதான் அதிலும் வேலை. கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்கு, நம் விலைக்கு, இங்கேயே யோசித்துச் செய்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? வடிகட்டுவது, தீர்ப்பு சொல்வது, திருத்துவது எல்லாம் இப்போது பெரும்பாலும் சாஃப்ட்வேர். கொச்சியில் ஒரு கம்பெனி டிஜிட்டல் ரேடியோவுக்கு அந்த சாஃப்ட்வேரைச் செய்து காட்டியிருக்கிறது. தேவை உத்தரவு. அறிவுரை அல்ல. 2023 ஏப்ரலில் மத்திய ஐ.டி. அமைச்சகம் செல்போன்களில் எஃப்.எம். ரேடியோவை முடக்காதீர்கள் என்று கம்பெனிகளுக்கு 'அறிவுரை' அனுப்பியது. உங்கள் போனில் எஃப்.எம். இருக்கிறதா, பாருங்கள்.

ஒரு பழைய சங்கதி. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் ரேடியோ கிளப் ஆரம்பித்து ஒலிபரப்பினார். 1927-ல் காசில்லாமல் நின்றது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பத் தொடங்கியபோது, ஜனங்களிடம் ரேடியோப் பெட்டி கிடையாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். அலையை ஏலம் விடுகிற புத்தி அன்றைக்கு வரவில்லை; கேட்கிறவன் எங்கே உட்காருவான் என்கிற யோசனை வந்தது.

ஸ்விட்சர்லாந்தில் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் கடைசியில் எஃப்.எம்.மை நிறுத்தியது. வீடு வீடாக டிஜிட்டல் பெட்டி இருக்கிற பணக்கார தேசம். அங்கேயே நேயர்கள் கணிசமாகக் குறைந்துபோனார்கள். இங்கே அனலாகை நிறுத்துகிற பேச்சை யாராவது எடுத்தால், நூறு வீட்டில் எத்தனை வீட்டில் டிஜிட்டல் பெட்டி இருக்கிறது என்று முதலில் கணக்குக் கேளுங்கள். கணக்கு வருகிற வரை பழைய டிரான்ஸிஸ்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பேட்டரியை மட்டும் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே துரு ஏறிவிடும்.